பெருமுதன்மை எண் ஒன்றும் ஊவாத் தோட்டக் கணக்கும்

1883 ஆம் ஆண்டில், யூரல் மலைகளுக்குக் கிழக்கேயுள்ள ஷத்ரின்ஸ்க் வட்டாரத்திலே சமயப்பணி ஆற்றிவந்த கிராமக் குருவானவர் ஒருவர், சென் பீற்றர்ஸ்பேர்க் விஞ்ஞானக் கழகத்திற்கு ஒரு கணக்கை அனுப்பிவைத்தார். 2,305,843,009,213,693,951 என்னும் பத்தொன்பது இலக்க எண் தன்னையும் ஒன்றையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாது என்பதே அக்கணக்கின் முடிவு. நம்மவர் வழக்கிற் கூறின், அவ்வெண் இருபத்து மூவாயிரத்து ஐம்பத்தெட்டுக் கோடி கோடிக்கும் மேற்பட்டது. கழகத்தார் கணக்கை ஏற்றுக்கொண்டனர். அதே பத்தாண்டிலே ஊவாவின் மலைச்சரிவுகளிற் கோப்பி அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்தது. அங்கும் நாள்தோறும் கணக்கு எழுதப்பட்டது. அதை எழுதியவர் சிலர், எழுதப்பட்டவர் பலர்.

இவ்விரு செய்திகளையும் ஒருங்கு வைத்து நோக்குதல் சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். எண்ணின் வரலாறு கணித அறிஞர்க்குரியது, தோட்டத்தின் வரலாறு சமூகவியலார்க்குரியது எனப் பிரித்தெழுதுவதே நம்மிடையே வழக்கம். ஆயினும் எண்ணைக் கூறுபவர் யார், அதைச் சரிபார்க்கும் வழி யாரிடம் இருந்தது என்னும் வினா இரண்டிற்கும் பொதுவானது. அவ்வினாவைத் துணைக்கொண்டே இக்கட்டுரையை எழுதப் புகுகின்றோம்.

முதலிற் சொல்லைப்பற்றி ஒரு சொல். இலங்கைப் பாடநூல்கள் முதன்மை எண், சேர்த்தி எண் என வழங்குவனவற்றைத் தமிழகத்தார் பகா எண், பகு எண் என்பர். பகாமை என்னும் பண்பைப் பெயரிலேயே காட்டுவதால் தமிழக வழக்கே பொருட்பொருத்தமுடையது என்பது நம் கருத்து. எனினும் நம் மாணவர் பயின்ற சொல்லையே இங்கு ஆளுகின்றோம்.

முதன்மை எண்ணின் இயல்பை விளக்கத் தேயிலை நாற்றுமேடையே போதும். தொண்ணூற்றொரு கன்றுகளைச் சம நிரைகளாக நட வேண்டுமாயின் ஏழு நிரையில் நிரைக்குப் பதின்மூன்றாக நடலாம். தொண்ணூற்றேழு கன்றுகளாயின் எவ்வாறு முயன்றாலும் ஒரே நீள நிரையாகவன்றிச் சமமாக நட இயலாது. 91 சேர்த்தி எண். 97 முதன்மை எண். சிறிய எண்களில் இதனைக் கண்ணாற் கண்டுவிடலாம். எண் பெருகப் பெருக, வகுபடுமா என்று அறிவது கடினமாகின்றது. முதன்மை எண்களுக்கு முடிவில்லை என்பதை யூக்கிளிட்டு இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளின் முன்னரே நிறுவிவிட்டார். ஆயினும் முடிவில்லை என்று அறிவது வேறு; இதோ ஒன்று எனச் சுட்டுவது வேறு.

பெரிய முதன்மை எண்ணைத் தேடியவர்களுக்குச் சதுரங்கப் பலகைக் கதை வழிகாட்டியது எனலாம். முதல் அறைக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அடுத்ததற்கு நான்கு என இரட்டித்துக்கொண்டே போகும்படி அரசனிடம் பரிசு கேட்ட கதையைத் தமிழர் அறிவர். ஒவ்வோர் அறைவரையும் சேர்ந்த மொத்தத்தைப் பார்த்தால் 1, 3, 7, 15, 31, 63, 127 என வரும். இவை இரண்டின் அடுக்கு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பெறுபவை. இரண்டாம், மூன்றாம், ஐந்தாம், ஏழாம் அறைகளின் மொத்தங்கள் முதன்மை எண்கள். அறையின் எண் முதன்மை எண்ணாயின் மொத்தமும் அவ்வாறே அமையும் என அவசரப்பட்டு முடிவுசெய்தல் தகாது. பதினோராம் அறையின் மொத்தம் 2047. அது 23 ஐ 89 ஆற் பெருக்கக் கிடைப்பது. அறையின் எண் சேர்த்தி எண்ணாயின் மொத்தமும் சேர்த்தி எண்ணே என்பது மட்டும் உறுதி. முழுப்பலகைக்கும் உரிய நெல் 3, 5, 17 முதலியவற்றால் வகுபடும். அறுபத்தோராம் அறைவரையுள்ள நெல்லின் தொகையே நாம் தொடக்கத்திற் குறித்த எண். கணிதக் குறியீட்டில் அது 2⁶¹ − 1 ஆகும்.

இவ்வகை எண்கள் பிரெஞ்சு நாட்டுத் துறவி மரென் மெர்சென் பெயரால் வழங்குகின்றன. 1644 இல் அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார். 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 என்னும் பதினொன்றே முதன்மை எண்ணைத் தரும் என்பது அவர் கூற்று. சான்று எதனையும் அவர் தரவில்லை. அக்காலத்தில் எவரும் அதைச் சரிபார்க்கும் நிலையிலும் இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அப்பட்டியல் அவரது பெயரின் பெருமையால் நிலைபெற்றது. உண்மையில் 67 உம் 257 உம் அதில் இடம்பெறத் தகாதவை. 61, 89, 107 ஆகியன இடம்பெற்றிருக்க வேண்டியவை. 67 என்பது 61 இன் அச்சுப்பிழையாகலாம் என்று பிற்காலத்தார் சிலர் சமாதானம் கூறினர். விடுபட்ட மற்றிரண்டிற்கும் அச்சமாதானம் உதவாது.

பட்டியலைச் சோதிக்கும் வழி சிறிது சிறிதாகவே கிடைத்தது. 2⁶¹ − 1 ஐ வகுக்கத்தக்க எந்த முதன்மை எண்ணும் 122 ஆல் வகுக்கும்போது ஒன்றையே மீதியாகத் தரவேண்டும் என்பது ஒரு விதி. 2047 இன் காரணிகளாகிய 23 உம் 89 உம் 22 ஆல் வகுக்க ஒன்று மீதியாதலைக் கண்டு இவ்விதியின் போக்கை உணரலாம். இத்தகைய விதிகளால் வேலையைக் குறைத்துக்கொண்டு ஒயிலர் 1772 இல் 2³¹ − 1, அதாவது 2,147,483,647, முதன்மை எண் என நிறுவினார். அதற்கு 46,340 வரையுள்ள தக்க வகுத்திகளைச் சோதித்தலே போதியதாயிற்று. 61 ஆம் அடுக்கிற்கோ 151 கோடிக்கு அப்பாலும் செல்லவேண்டும். ஒரு மனிதரின் ஆயுள் அதற்குப் போதாது. 1876 இல் எடுவார்ட் லூக்கா என்பார் வகுத்திகளைத் தேடாமலே முடிவுகாணும் ஒரு முறையை வகுத்து, 2¹²⁷ − 1 என்னும் முப்பத்தொன்பது இலக்க எண்ணை முதன்மை எண் எனக் காட்டினார். கணினிக்கு முன்னர் கையாற் கணித்து நிறுவப்பட்ட முதன்மை எண்களுள் அதுவே மிகப் பெரியது. 127 ஆம் அடுக்கு மெர்சென் பட்டியலில் இருந்தது. பட்டியலில் இல்லாத ஒன்றும் முதன்மை எண்ணாகலாம் என முதலிற் காட்டியவர் தலைநகரத்துப் பேராசிரியர் அல்லர். இவான் மிகேயவிச் பெர்வூஷின் என்னும் கிராமக் குருவானவரே அதனைச் செய்தார்.

பெர்வூஷின் கசான் நகரத்துச் சமயக் கல்விக்கழகத்திற் பயின்று 1852 இல் வெளியேறியவர். சமராயெவோ என்னும் சிற்றூரிலே ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். 1860 இல் அங்கு ஒரு கிராமப் பள்ளியையும் தொடங்கினார். எண் ஆராய்ச்சி அவருக்கு ஓய்வுநேர வேலை. 2⁶¹ − 1 க்கு முன்னரே, 1877 - 78 இல், அவர் வேறிரு முடிவுகளைக் கழகத்திற்கு அறிவித்திருந்தார். அவற்றுள் ஒன்று, முழுதாக எழுதினால் இருபத்தைந்து இலட்சம் இலக்கங்களுக்கு மேல் நீளும் ஓர் எண் 167,772,161 ஆல் மீதியின்றி வகுபடும் என்பது. அந்த எண்ணை எழுதி வகுத்துப் பார்க்க எவராலும் இயலாது. ஆனால் இரண்டில் தொடங்கி இருபத்து மூன்று முறை வர்க்கித்து, ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் அந்த முடிவைச் சோதித்துவிடலாம். ஒரு நாட்பொழுது பொறுமையாக உட்கார்ந்தால் முடியும் வேலை. சிற்றூர்க் குருவின் பதவியையோ பிறப்பையோ கழகத்தார் ஆராயவேண்டியிருக்கவில்லை. கணக்கைத் தாமே செய்துபார்த்தால் போதும். இதுவே நம் ஆராய்ச்சிக்கு வேண்டிய செய்தி. 2⁶¹ − 1 அக்காலத்தில் அறியப்பட்ட முதன்மை எண்களுள் இரண்டாவது பெரியதாயிற்று. 1911 வரை அந்நிலையிலேயே இருந்தது. அவ்வாண்டில் 89 ஆம் அடுக்கையும், 1914 இல் 107 ஆம் அடுக்கையும் கண்டுபிடித்தவர் பவர்ஸ் என்னும் அமெரிக்கர். அவரும் தொழில்முறைக் கணிதர் அல்லர். புகையிரத நிறுவனமொன்றின் ஊழியர்.

இனி ஊவாவை நோக்குவோம். இலங்கையின் கோப்பியை அழித்த இலைநோய் முதன்முதலிற் காணப்பட்டது 1869 இல், பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமைப் பகுதியிலேதான். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் தோட்டங்கள் வீழ்ந்தன; அவற்றிற்குக் கடன் கொடுத்த ஒறியன்ரல் வங்கி 1884 இல் முறிந்தது. 1886 இல் ஊவா தனி மாகாணமாயிற்று. தேயிலை கோப்பியைப் போலப் பருவகாலப் பயிரன்று. ஆண்டு முழுதும் கொழுந்து எடுக்கவேண்டும். ஆகவே திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்தோர் குடும்பத்தோடு லயன்களில் நிலையாக வாழலாயினர். பசறை, லுணுகலை, நமுனுகுலை, ஹாலிஎலை, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை எனத் தோட்டங்கள் தொடர்ந்தன. 1924 இல் புகையிரதம் பதுளையை எட்டிற்று.

தோட்டத்தில் ஒரு நாள் உழைப்பின் அலகு 'பேர்' எனப்பட்டது. காலைப் பெரட்டில் ஆள் எண்ணப்படும். மாலையிற் கொழுந்து நிறுக்கப்படும். செக்ரோலிலே பேர் விழும். குறித்த நிறை எடுக்கவில்லையென்றால் அரைப்பேர். கூடைக்கும் கொழுந்தின் ஈரத்திற்கும் எனக் கழிவு உண்டு. அரைப்பேர் பற்றிய மனக்குறை மலையக நாட்டார் பாடல்களிலும் ஒலிப்பதை அவற்றைத் தொகுத்தோர் காட்டியுள்ளனர். தன் ஆட்கள் வேலைக்கு வந்த எண்ணிக்கையைப் பொறுத்துக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. இவ்வாறு ஒரே தொழிலாளியின் ஒரு நாள் மூவர் கணக்கில் மூன்று எண்ணாக மாறியது. அவற்றுள் எந்த ஒன்றும் அவர் கையில் இருந்த ஏட்டில் எழுதப்படவில்லை.

இவை எல்லாவற்றினும் கொடியது துண்டு முறை. தொழிலாளர் கங்காணிக்குப் பட்ட கடனும், கங்காணி தோட்டத்திற்குப் பட்ட கடனும் ஒரு தொகையாக்கப்பட்டு ஒரு துண்டுத்தாளில் எழுதப்படும். அத்தொகையைக் கட்டுபவர் எவராயினும் அந்த ஆட்களைத் தம் தோட்டத்திற்குக் கொண்டுசெல்லலாம். பயணச் செலவு, அரிசி, கம்பளி என ஏறிய கடன் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்பது கடன்பட்டவருக்கே தெரியாதிருத்தல் இயல்பாயிருந்தது. 1921 இல் சட்டத்தின் மூலம் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. மெர்சென் பட்டியலைப் போன்றே துண்டிலிருந்த எண்ணும் சான்று காட்டாத எண். அங்கே ஏமாந்தவர் கணிதர். இங்கே ஏமாந்தவருக்கு அதனால் இடம்பெயர நேர்ந்தது.

தொழிலாளரிடம் எண்ணறிவே இல்லாதிருந்தது என்று கொள்வது தவறு. அவர்கள் விட்டுவந்த ஊர்களில் எண்சுவடி வழங்கிற்று. முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரிவரை பின்னங்களை மனனஞ் செய்த திண்ணைப்பள்ளி மரபு உண்டு. காரிநாயனாரின் கணக்கதிகாரம் உண்டு. ஆயினும் அக்கல்வி ஊரில் எல்லார்க்கும் எட்டியதன்று. தோட்டத்திற்கு வந்தோரிற் பெரும்பகுதியினர் அதற்கு வெளியே நிறுத்தப்பட்ட சாதியினர் என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது. எண்சுவடி அறிந்தவர் கடல்கடந்தபோது பெரும்பாலும் கங்காணியாகவோ கணக்கப்பிள்ளையாகவோதான் வந்தார். மேலும் நம் மரபு அளவைக்கும் பங்கீட்டிற்கும் உரிய கணக்கிலேயே சிறந்தது. காரணிகளைக் காணும் முறைகளை நாராயண பண்டிதர் 1356 இல் இயற்றிய கணித கௌமுதியிற் காண்கின்றோமாயினும், முதன்மை எண்ணைத் தனிப்பொருளாக்கி ஆராய்ந்த நெடிய மரபு இந்தியாவில் வளரவில்லை.

அம்மரபு இருபதாம் நூற்றாண்டிலே தமிழரிடையே தோன்றிய விதம் கவனிக்கத்தக்கது. 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுதுவினைஞராய்ச் சேர்ந்தவர் இராமானுஜன். பகலிற் கணக்கேடு எழுதியவர், 1913 சனவரியில் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். முதன்மை எண்களின் பரம்பல் பற்றி அவர் கூறியவற்றுட் சில பிழையென ஹார்டி பின்னர் எடுத்துக்காட்டினார். சான்று கேட்கப்பட்டது இராமானுஜனுக்கு இழுக்கன்று. அவரைச் சமமாக மதித்தமைக்கு அதுவே அடையாளம். ஓர் எண்ணுக்கும் அதன் இரட்டிக்கும் இடையே முதன்மை எண் ஒன்றாயினும் இருக்கும் என்பதற்கு 1919 இல் அவர் வெளியிட்ட நிறுவல் இரண்டு பக்க அளவினது. இன்றும் மாணவர் அதனைப் படித்துச் சரிபார்க்கலாம்.

தென்காசிக்கு அண்மையிலுள்ள வல்லத்தில் 1901 இற் பிறந்த சு. சி. பிள்ளை, அதாவது சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை, இன்னும் பொருத்தமான சான்று. இளமையிற் பெற்றோரை இழந்த அவரது படிப்பு, பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் பணத்திலிருந்து உதவியமையாலேயே தொடர்ந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்து அவர் செய்த ஆராய்ச்சிகளுள் ஒன்றை இங்கே எடுத்துரைக்கலாம். அடுத்தடுத்த எண்கள் பதினாறு வரை எவற்றை எடுத்தாலும், மற்ற எவற்றோடும் பொதுக்காரணி இல்லாத ஓர் எண் அவற்றினிடையே இருக்கும். பதினேழாகிவிட்டால் அவ்விதி உடையும். 2184 முதல் 2200 வரையுள்ள பதினேழு எண்களிலும் தனித்து நிற்கும் எண் ஒன்றும் இல்லை. 1950 ஓகத்து 31 இல் அமெரிக்கா செல்லும் வழியிற் கெய்ரோ அருகே விமான விபத்தில் பிள்ளை இறந்தார்.

வல்லத்துப் பிள்ளைக்குக் கிடைத்த ஆசிரியர் பசறைத் தோட்டத்துப் பிள்ளைக்கு ஏன் கிடைக்கவில்லை என்னும் வினாவுக்கு விடை சட்டப் புத்தகத்திலேயே உண்டு. 1907 இன் கிராமப் பாடசாலைச் சட்டமும் 1920 இன் கல்விச் சட்டமும் தோட்டத்துக் கல்வியைத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே விட்டன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், சில மணிநேரம் என்பதே பெரும்பான்மை நிலை. 1945 இன் இலவசக் கல்வியின் பயன் அவற்றுக்குள் முழுமையாக நுழையவில்லை. 1960 - 61 இல் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் ஒதுக்கப்பட்டன. எழுபதுகளிலேயே, பெரும்பாலும் 1977 இலேயே, அவை அரசின் கீழ் வந்தன. அதுவரை அவை பொதுவாக ஐந்தாந் தரத்தோடு நின்றன. இன்றைய பாடத்திட்டத்தில் முதன்மை எண் ஆறாந் தரத்திலேதான் கற்பிக்கப்படுகின்றது.

பட்டியல்களைப் பற்றிப் பேசுமிடத்து வேறொரு பட்டியலையும் கூறாது விடுதல் இயலாது. மெர்சென் கூறிய 257 வரையான அடுக்குகள் எல்லாம் சரிபார்க்கப்பட்டு முடிந்தது 1947 இல். 1948 இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் 975,000 பேர் என ஒரு தொகையை ஏற்று, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்து, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் தீர்ப்பதற்கென ஒதுக்கினர். 1974 இல் அவர்களையும் இரு சமபாதியாக்கினர். ஏழுக்கு நான்கு என்னும் விகிதம் தாளில் மீதியின்றி வகுபட்டது. பதுளை மாவட்டத்து லயன்களில் அது தாயையும் மகனையும் வெவ்வேறு பக்கத்தில் விட்டது. விடுபட்டோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் வந்தது.

பெர்வூஷினின் எண்ணுக்கு இன்று எதிர்பாராத ஒரு தொழில் வாய்த்திருக்கின்றது. இக்காலக் கணினி அறுபத்துநான்கு இரும இலக்கங்களை ஓர் அலகாகக் கையாள்வது. அதனுள் அடங்கும் மெர்சென் முதன்மை எண்களுள் 2⁶¹ − 1 ஏ மிகப் பெரியது. அதனால் வகுத்து மீதி காண்பதும் எளிது. ஆகையால் பைத்தன் என்னும் கணினி மொழி எண்களுக்கு அடையாளத்தொகை இடுவதற்கு இதனையே வகுத்தியாகக் கொள்கின்றது. 2005 இற் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தின் மாணவர் அம்மொழியில் எழுதும் நிரலிலும் இக்கிராமக் குருவின் எண் மறைந்து நின்று வேலைசெய்யும். பெரிய எண் தேடும் முயற்சியும் நிற்கவில்லை. 1978 இல் கலிபோர்ணியாவைச் சேர்ந்த பதினெட்டு வயதினர் இருவர், லோறா நிக்கல், கேர்ட் நோல் என்போர், 21,701 ஆம் அடுக்கைக் கண்டனர். 2002 இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து மணீந்திர அகர்வாலும் அவர்தம் மாணவர் நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோரும் எந்த எண்ணையும் விரைந்து சோதிக்கும் பொதுமுறை ஒன்று உண்டென நிறுவினர். 2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட 136,279,841 ஆம் அடுக்கு 41,024,320 இலக்கங்கள் கொண்டது. வேறு கணினிகளில் வேறு நிரல்களாற் சரிபார்த்த பின்னரே அது அறிவிக்கப்பட்டது.

லூக்காவின் முறையை 1930 இல் லேமர் எளிதாக்கினார். அதைத் தோட்டப் பாடசாலையின் கரும்பலகையிலும் செய்யலாம் என்பதால் இங்கே தருகின்றோம். நான்கில் தொடங்குக. வர்க்கித்து இரண்டைக் கழித்து, சோதிக்கவேண்டிய எண்ணால் வகுத்து மீதியை எடுக்க. அடுக்கு எண்ணிலும் இரண்டு குறைந்த தடவைகள் இதனைச் செய்ய, இறுதியிற் சுழி வந்தால் முதன்மை எண், வராவிடில் அன்று. ஏழாம் அடுக்காகிய 127 க்கு ஐந்து தடவை: 14, 67, 42, 111, 0. பதினோராம் அடுக்காகிய 2047 க்கு ஒன்பது தடவை: 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. அறுபத்தோராம் அடுக்கிற்கு ஐம்பத்தொன்பது தடவை செய்யவேண்டும்.